படையப்பா, ஷோலே, அம்பிகாபதி: ஒரு படம் காலத்தைத் தாண்டி நிற்பதை முடிவு செய்வது யார்?

2025 டிசம்பர் 12. ரஜினிகாந்தின் 75-வது பிறந்தநாள். 1999-ல் வெளியான 'படையப்பா' மறுபடியும் தியேட்டருக்கு வந்தது. அதே நாளில் நாடு முழுக்க இன்னொரு பழைய படமும் திரைக்கு வந்தது. அது 1975-ல் வெளியான 'ஷோலே'.

'படையப்பா'வை ரசிகர்கள் ஏற்கனவே பார்த்த படமாகத்தான் மறுபடி பார்த்தார்கள். 'ஷோலே' கதை வேறு. 50 வருடங்களுக்கு முன்பு சென்சார் மாற்றச் சொன்ன கிளைமாக்ஸ், இப்போது முதல்முறையாக இந்தியத் தியேட்டர்களில் அதன் அசல் வடிவத்தில் ஓடியது.

இதற்கு நான்கு மாதம் முன்பு, ஆகஸ்ட் 1-ம் தேதி, தனுஷ் நடித்த 'ராஞ்சனா'வின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி' ரீ-ரிலீஸ் ஆனது. அதிலும் கிளைமாக்ஸ் மாறியிருந்தது. ஆனால் அந்தக் காட்சியை எந்த இயக்குநரும் எடுக்கவில்லை. ஏஐ தொழில்நுட்பத்தில் உருவாக்கப்பட்ட காட்சி அது.

'நல்ல படம் காலத்தைத் தாண்டி நிற்கும்' என்பது சினிமாக்காரர்கள் மேடையில் அடிக்கடி சொல்வது. ஆனால் நிற்கப்போவது எந்தப் படம், அதன் எந்த வடிவம், அதை யார் முடிவு செய்கிறார்கள்? ரீ-ரிலீஸ் கொண்டாட்டத்துக்கு நடுவே அதிகம் பேசப்படாத விஷயம் இது.

ரீ-ரிலீஸ் அலை எங்கிருந்து வந்தது?

பழைய படம் மறுபடி ஓடுவது தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. எம்.ஜி.ஆர், சிவாஜி படங்கள் மார்னிங் ஷோவிலும் டூரிங் டாக்கீஸிலும் வருடக்கணக்கில் சுற்றியவைதான். டிவியும் கேபிளும் வந்த பிறகு அந்தப் பழக்கம் மெல்லக் குறைந்தது.

திரும்ப ஆரம்பித்து வைத்தது 'கர்ணன்'. 1964-ல் பி.ஆர்.பந்துலு இயக்கிய இந்தப் படம் டிஜிட்டலில் சீரமைக்கப்பட்டு 2012 மார்ச்சில் வெளியானது. சென்னையில் 100 நாட்களைத் தாண்டி ஓடியது. 48 வருடம் பழைய படத்துக்கு மல்டிபிளெக்ஸில் கூட்டம் வரும் என்று அப்போது பெரும்பாலானோர் நினைக்கவில்லை. அடுத்து 2014-ல் எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தது.

இப்போதைய அலைக்குப் பெரிய திருப்பம் 2024-ல் வந்த 'கில்லி'. தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. மறுநாள் ஏப்ரல் 20-ல் 'கில்லி' ரிலீஸ். தேர்தல் நேரம் என்பதால் பெரிய புதுப்படங்கள் இல்லை, தியேட்டர்கள் காலியாகக் கிடந்தன. படப்பிடிப்புச் செலவு இல்லை, புதுச் சம்பளம் இல்லை, விளம்பரத்தை ரசிகர்களே பார்த்துக்கொள்கிறார்கள். கணக்கு எளிதுதான். 'தளபதி', 'சச்சின்', 'நாயகன்' என்று வரிசை நீண்டது. சென்னை அண்ணாநகர் மல்டிபிளெக்ஸ் ஒன்றில் 'விண்ணைத்தாண்டி வருவாயா' தினசரிக் காட்சியாக ஆயிரம் நாட்களைத் தாண்டியது தனிக் கதை.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை கடைசி 25, 30 வருடத்துப் படங்கள், அதுவும் பெரிய ஹீரோ படங்கள். இவை காலத்தின் சோதனையை ஜெயித்தவையா, இல்லை ஒரு தலைமுறையின் பள்ளிப் பருவத்து ஞாபகமா என்பதற்கு இன்னும் 30 வருடம் கழித்துத்தான் பதில் தெரியும்.

ஹிட் ஆன படம்தான் நிற்குமா?

கட்டாயம் இல்லை. 2003 பொங்கலுக்கு 'தூள்' படத்தோடு வந்த 'அன்பே சிவம்' வசூலில் தோற்றது. இன்று அந்தப் பொங்கலைப் பற்றிப் பேசினால் முதலில் வரும் பெயர் அதுதான். தியேட்டரில் பார்க்காதவர்கள் டிவியில் பார்த்தார்கள், அப்புறம் மொபைலில் பார்த்தார்கள். 1954-ல் எஸ்.பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாட்டு இல்லாமல் வந்த தமிழ்ப் படம். முதலில் வந்தபோது ரசிகர்கள் அதை ஏற்கவில்லை. இன்று தமிழ் சினிமா வரலாற்றை எழுதும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

சில நேரம் படமே நிற்பதில்லை, காட்சி மட்டும் நிற்கும். 2001-ல் வந்த 'ஃபிரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலுவின் தலையில் சுத்தியல் விழும் காட்சி, 18 வருடம் கழித்து 2019 மே மாதம் 'நேசமணிக்காகப் பிரார்த்தனை' என்று சமூக வலைதளத்தில் டிரெண்ட் ஆனது. படத்தின் கதை என்னவென்று தெரியாதவர்களும் கான்ட்ராக்டர் நேசமணியைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

'படையப்பா'வையே எடுத்துக்கொள்ளலாம். பெண் எப்படி இருக்க வேண்டும் என்று ஹீரோ பாடம் எடுக்கும் வசனங்கள் இன்றைய காதில் உறுத்தவே செய்யும். ஆனாலும் படம் பழசாகவில்லை என்றால் அதற்குப் பாதிக் காரணம் நீலாம்பரி. யாருக்கு எதிராக அந்த வசனங்கள் எழுதப்பட்டனவோ, அந்தப் பாத்திரம்தான் 26 வருடம் கழித்தும் படத்தைத் தாங்குகிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நந்தினியை மனதில் வைத்து உருவான பாத்திரம் அது என்று ரஜினியே சொல்லியிருக்கிறார். எடுத்தவர்கள் நினைத்த இடத்திலேயே படம் நிற்பதில்லை. பார்க்கிறவர்கள் மாற மாற, அது நிற்கும் இடமும் மாறுகிறது.

இதுவரை சொன்னது ஒரு பாதி. இன்னொரு பாதி ரசிகர்கள் கையில் இல்லை.

பிலிம் பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

இரண்டரை மணி நேரப் படம் ஒன்றில் நொடிக்கு 24 என்ற கணக்கில் சுமார் 2,16,000 படச்சட்டங்கள் இருக்கும். இவை பதிந்திருக்கும் நெகட்டிவ்தான் படத்தின் உயிர். அதிலிருந்துதான் பிரிண்ட் போடுவார்கள், ஸ்கேன் செய்து 4கே-க்கு மாற்றுவார்கள்.

1950-கள் தொடங்கும் வரை பயன்பட்ட நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். அதற்குப் பின் வந்த அசிடேட் பிலிம் தீப்பிடிக்காது, ஆனால் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் மெல்ல அழுகும். பெட்டியைத் திறந்தால் வினிகர் மாதிரி புளித்த வாடை வரும். சுருள் சுருங்கும், வளையும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பெயரே 'வினிகர் சிண்ட்ரோம்'. அழுகத் தொடங்கிய பிலிமைப் பழையபடி ஆக்க முடியாது, குளிரான, ஈரமில்லாத அறையில் வைத்து வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். சென்னை வெயிலில் சாதாரணக் கிடங்கில் கிடந்த நெகட்டிவ் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

'ஷோலே'வுக்கே இந்தக் கதி வந்தது. மும்பை மினர்வா தியேட்டரில் ஐந்து வருடத்துக்கு மேல் ஓடிய படம் அது. ஆனால் அதன் அசல் கேமரா நெகட்டிவ் வினிகர் சிண்ட்ரோமால் கடுமையாகச் சேதமாகிவிட்டது. 70 எம்.எம். பிரிண்ட் ஒன்றுகூட மிஞ்சவில்லை. லண்டனில் ஒரு கிடங்கில் இருந்த பிரதிகள் கிடைத்ததால்தான் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனால் படத்தை மீட்க முடிந்தது. அந்தப் பெட்டிகளில்தான் பழைய கிளைமாக்ஸும் இருந்தது.

முன்னாள் போலீஸ்காரரான தாக்கூர், கப்பர் சிங்கைத் தானே கொல்வதுதான் எடுக்கப்பட்ட முடிவு. ஆனால் 1975 ஜூன் 25-ல் எமர்ஜென்சி வந்துவிட்டது. போலீஸாக இருந்தவரே சட்டத்தைக் கையில் எடுப்பதா என்று சென்சார் மறுத்தது. போலீஸ் வந்து கப்பரைக் கைது செய்வதாக மறுபடி எடுத்து, ஆகஸ்ட் 15-ல் வெளியிட்டார்கள். இந்திய சினிமாவின் மிகப் பிரபலமான படத்திலேயே தியேட்டர் ரசிகர்கள் 50 வருடம் பார்த்தது அரசாங்கம் ஒப்புக்கொண்ட முடிவைத்தான்.

தமிழின் முதல் படங்கள் எங்கே?

இல்லை. நடராஜ முதலியார் சென்னை கீழ்ப்பாக்கத்தில் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் கதைப் படம். அதன் பிரதி இல்லை. 1931 அக்டோபர் 31-ல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. டி.பி.ராஜலட்சுமி நடித்த அந்தப் படத்துக்கும் பிரதி இல்லை. இவை காலத்தைத் தாண்டி நின்றிருக்குமா என்று சோதித்துப் பார்க்கவே வழியில்லை.

எல்லாம் தானாக அழியவில்லை. கறுப்பு-வெள்ளை பிலிமில் வெள்ளி இருக்கும். ஓடி முடிந்த படத்தை வைத்திருப்பதற்கு இடவாடகை, விற்றால் காசு. வெள்ளி எடுப்பவர்களிடம் எடை போட்டு விற்கப்பட்ட படங்கள் ஏராளம். மறுபடி யாராவது காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்று அன்றைய தயாரிப்பாளர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

1964-ல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது. அது தொடங்கும் முன்பே நிறைய போய்விட்டது. மிஞ்சியதிலும் ஒரு பகுதி, 2003 ஜனவரியில் புனே திரைப்படக் கல்லூரி வளாகத்தில் இருந்த நைட்ரேட் கிடங்கில் தீப்பிடித்தபோது அழிந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. படங்களை மீட்கும் வேலையில் சென்னைக்கு உலக அளவில் பெயர் இருக்கிறது. குஜராத்தில் 5 லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த 'மந்தன்' படம் மீட்கப்பட்டு 2024 கான் விழாவில் திரையிடப்பட்டதே, அந்த வேலை நடந்த இடங்களில் ஒன்று சென்னையின் பிரசாத் நிறுவனம். அரவிந்தனின் மலையாளப் படம் 'தம்ப்' மீட்கப்பட்டதிலும் பிரசாத்துக்குப் பங்கு உண்டு. தொழில்நுட்பமும் ஆட்களும் இங்கேயே இருக்கிறார்கள். எந்தப் படத்துக்குச் செலவு செய்வது என்பதுதான் பிரச்னை. ரீ-ரிலீஸில் கூட்டம் வரும் என்று தெரிந்த படத்துக்குப் பணம் வருகிறது. பெரிய ஹீரோ இல்லாத, ஆனால் முக்கியமான படத்துக்கு யார் போடுவார்கள்?

உரிமை யாருக்கு?

இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஒரு சினிமாவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். அப்படிப் பார்த்தால் 'திருவிளையாடல்', 'எங்க வீட்டுப் பிள்ளை' போன்ற 1965-ம் ஆண்டுப் படங்களின் காலக்கெடு 2025 டிசம்பரோடு முடிகிறது. ஆனால் பாடல் வரிகளுக்குத் தனிக் கணக்கு. கவிஞர் இறந்த பிறகு 60 வருடம். கண்ணதாசன் மறைந்தது 1981-ல் என்பதால் அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை உரிமை இருக்கிறது. அதோடு, படம் சட்டப்படி பொதுச்சொத்தானாலும் நல்ல நெகட்டிவ் யார் கையில் இருக்கிறதோ, அவர் பெட்டியைத் திறந்தால்தான் உண்டு.

'அம்பிகாபதி' சர்ச்சை இந்த இடத்தில்தான் வருகிறது. 2013-ல் வெளியான மூலப் படத்தில் ஹீரோ கடைசியில் இறந்துவிடுவான். 2025-ல் உரிமை வைத்திருக்கும் ஈரோஸ் நிறுவனம் அவன் பிழைப்பது போல ஏஐ மூலம் மாற்றி வெளியிட்டது. இயக்குநர் ஆனந்த் எல்.ராய் எதிர்த்தார். படத்தின் ஆன்மாவே போய்விட்டது என்ற தொனியில் தனுஷும் கண்டித்தார். ஆனால் இந்தியச் சட்டத்தில் ஒரு சினிமாவின் 'ஆசிரியர்' என்றால் தயாரிப்பாளர்தான், இயக்குநர் இல்லை. அதனால் இயக்குநர் சட்டப்படி சண்டை போடுவது சுலபமில்லை.

பழைய படத்தை வெட்டி ஒட்டுவது எப்போதுமே நடந்ததுதான். 'பாபா'வை 2022-ல் ரஜினி தரப்பே மாற்றி வெளியிட்டது. 'அஞ்சான்' படத்தை லிங்குசாமி குறைத்து மறுபடி கொண்டுவந்தார். அது எடுத்தவர்களே தங்கள் படத்தில் கை வைப்பது. 'அம்பிகாபதி'யில் நடந்தது எடுத்தவர் வேண்டாம் என்று சொல்லியும் நடந்தது. இந்த வித்தியாசம் சின்னது இல்லை. நாளைக்குப் 'பருத்திவீரன்' முடிவு சோகமாக இருக்கிறது, மாற்றிவிடலாம் என்று யாராவது கிளம்பினால், 20 வயதுப் பையன் ஓடிடியில் பார்ப்பது எந்தப் படம்? அவனுக்கு அமீர் எடுத்த முடிவு வேறு என்று யார் சொல்வார்கள்?

அடுத்து என்ன?

2004-ல் எடுத்த 'கில்லி'க்கு பிலிம் இருந்தது, அதனால் 4கே-க்குக் கொண்டுபோக முடிந்தது. 2010-களின் நடுவில் தமிழ் சினிமா கிட்டத்தட்ட முழுசாக டிஜிட்டலுக்கு மாறிவிட்டது. நெகட்டிவ் என்ற ஒன்றே இல்லை. படம் இருப்பது ஹார்ட் டிஸ்க்கிலும் டேப்பிலும். ஹார்ட் டிஸ்க் சில வருடத்தில் பழுதாகும், ஃபைல் வடிவம் மாறும், சில வருடத்துக்கு ஒருமுறை புதுசுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. ஒரே ஒரு படம் எடுத்து நஷ்டப்பட்டு ஊருக்குத் திரும்பிய தயாரிப்பாளரின் வீட்டு அலமாரியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை யாரும் கடந்த ஐந்து வருடத்தில் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்திருக்க மாட்டார்கள்.