எழுத்து நம்முடையது, புத்தகம் யாருடையது?

மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிற காலம் இது. அரங்குகளில் தலித் எழுத்துக்கென்று ஒரு வரிசை இருக்கிறது. நம் பெற்றோர் காலத்தில் இல்லாத வரிசை. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வரிசையில் நின்று அட்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். சரிந்த குடிசை, வெடித்த பாதம், தலைகவிழ்ந்த கிழவி, கிழிந்த பறை. உள்ளே எழுதியவரோ தன் பாட்டியின் கேலிப்பேச்சையும், கூலி உயர்வு கேட்டு வயலில் இறங்க மறுத்த பெண்களையும், தேர்வில் முதலாவதாக வந்த தங்கையையும் எழுதியிருப்பார். உள்ளே சிரிப்பும் சண்டையும். அட்டையில் அழுகை மட்டும். கேட்டால், "அச்சாகி வந்த பிறகுதான் அட்டையையே பார்த்தேன்" என்கிறார்கள் எழுதியவர்கள்.

இதை அற்ப விஷயம் என்று நம்மால் ஒதுக்க முடியவில்லை. எழுதி முடிப்பதோடு ஒரு நூல் முடிந்துவிடுவதில்லை. எந்தச் சொல் இருக்கலாம், எது போகலாம், எந்த எழுத்துரு, எத்தனை பக்கம், என்ன விலை, யார் முன்னுரை, என்ன அட்டை என்று பத்து முடிவுகள் மிச்சமிருக்கின்றன. அந்தப் பத்தையும் வேறு யாரோ எடுத்தால், நம் வாழ்க்கை அவர்கள் பார்க்க விரும்புகிற முகத்தோடுதான் கடைக்கு வரும்.

அச்சை நம்பிய முன்னோர்

இந்த முடிவுகளைத் தம் கையிலேயே வைத்திருந்தவர்கள் நம் முன்னோர். இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் ஓர் இதழ் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டு அணா. பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லைச் சொல்லி நம்மைத் தாழ்த்தினார்களோ, அந்தச் சொல்லையே தலைப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டார். வேறொருவர் நடத்திய இதழாக இருந்தால் அந்தப் பெயர் வைக்க விட்டிருப்பார்களா?

அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து வார இதழ் ஒன்றைக் கொண்டுவந்தார். பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயரில் இருந்தது. படிக்கப்போகிறவரின் மடியில் எவ்வளவு காசு இருக்கும் என்று எண்ணிப் பார்த்தவரால்தான் இப்படிப் பெயர் வைக்க முடியும். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு, பின்னாளில் அந்த இதழ் கோலார் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. சுரங்கத்தில் உழைத்த மக்கள் வாழ்ந்த ஊரில் அச்சகமும் புத்தகசாலையும் இருந்தன. பழைய பிரதிகளைச் சிலர் பாதுகாத்து வைத்திருந்ததால்தான், ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிட்டபோது, பண்டிதர் நம் தலைமுறைக்குத் திரும்பக் கிடைத்தார். அச்சில் ஏறாமல் போயிருந்தால் தொகுக்க என்ன இருந்திருக்கும்?

அண்ணல் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' எப்படி நூலானது என்பதை மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அவரை மாநாட்டுத் தலைமைக்கு அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் மறுத்தார். மாநாடே நின்றுபோனது. நிகழ்த்தாத அந்த உரையைத் தம் சொந்தச் செலவில் 1500 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்தது. 1937இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது காந்தியின் விமர்சனத்தையும் அதற்குத் தம் பதிலையும் சேர்த்தே அச்சிட்டார். எதிர்த்தவர் சொன்னதையும் வைத்துவிட்டு, தீர்ப்பை வாசகரிடம் விட்டார். இன்று உலகமெங்கும் பாடமாகப் படிக்கப்படுகிற அந்த நூல், எழுதியவரே கைக்காசு போட்டு அச்சிட்ட நூல். தனியாகப் புத்தகம் போடுகிறவரைப் பார்த்து உதட்டைச் சுழிப்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

வவுறும் வயிறும்

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. வெளியிட்டது பெரிய வணிகப் பதிப்பகம் எதுவுமில்லை. மதுரையில் இயங்கிய ஐடியாஸ் என்ற சமூக மையம். தெருவில் பேசுகிற மொழியிலேயே எழுதப்பட்ட அந்த நூல் தமிழ் உரைநடையின் போக்கையே மாற்றியது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு கிராஸ்வேர்ட் விருதும் பெற்றது.

முப்பது ஆண்டுகள் கழிந்தும், மொழியைத் 'திருத்தும்' பழக்கம் போகவில்லை. "கும்பாவுல கஞ்சிய ஊத்திக் குடிச்சோம்" என்று பிள்ளை எழுதிக் கொடுத்தால், "கிண்ணத்தில் கஞ்சி அருந்தினோம்" என்று அச்சாகி வருகிறது. அருந்தினோமாம்! பசியோடு குடித்த கஞ்சி அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது? 'வவுறு' 'வயிறு' ஆகிறது. 'எங்க தெரு' 'காலனி' ஆகிறது.

நன்னூல் படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறோம். ஒற்றுப்பிழை திருத்தப்பட வேண்டியதே. ஒரே ஆளின் பெயர் பத்தாம் பக்கத்தில் ஒரு மாதிரியும் நாற்பதாம் பக்கத்தில் வேறு மாதிரியும் இருந்தால், ஆண்டுக்கணக்கு இடித்தால், சொன்னதையே மூன்று இடத்தில் சொன்னால் திருத்தியே ஆக வேண்டும். நல்ல செம்மையாக்குநர் எழுத்தாளருக்குக் கிடைத்த வரம். ஆனால் அவர் எழுதியவரைக் கேட்டுத் திருத்துவார். கேட்காமல் நம் வாயைக் கழுவிவிடுகிற வேலைக்குச் செம்மையாக்கம் என்று பெயரில்லை.

படமும் பேச வேண்டும்

வடிவமைப்பு என்பதும் கருத்தே என்பதற்கு ஒரு நல்ல சான்று 'பீமாயணா'. அம்பேத்கர் பட்ட தீண்டாமைக் கொடுமைகளைச் சொல்லும் அந்தப் பட நூலை நவயானா பதிப்பகம் 2011இல் வெளியிட்டது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு பழங்குடி ஓவியர்கள். வழக்கமான படக்கதைகளில் இருக்கும் கட்டங்களை அவர்கள் போடவில்லை. மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க அவர்களுக்கு மனமில்லை. அன்பாகப் பேசுகிறவரின் சொற்கள் பறவை வடிவக் குமிழுக்குள் வரும். சாதித் திமிரோடு பேசுகிறவரின் குமிழுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தைக்கும் எந்தச் சொல் கொட்டும் என்று பார்த்த உடனே தெரிந்துவிடும்.

நம்மிடம் அப்படிப்பட்ட கைகள் இல்லையா? நம் இயக்கம் சுவரில் வளர்ந்த இயக்கம். இரவெல்லாம் விழித்துச் சுண்ணாம்பு அடித்து, நீலத்திலும் சிவப்பிலும் ஆளுயர எழுத்து எழுதிய ஓவியர்கள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருந்தார்கள். ஃபிளெக்ஸ் வந்ததும் அவர்கள் வேலை போனது. அந்தக் கை இன்னும் மறந்துவிடவில்லை. அவர்களில் ஒருவரிடம் நூல் தலைப்பை எழுதி வாங்குங்கள். அதற்குரிய கூலியும் கொடுங்கள். இணையத்தில் தேடி எடுத்த ஏழ்மைப் படத்தைவிட அந்த எழுத்து நூறு மடங்கு பேசும்.

கடன் வாங்கி அச்சிடும் பிள்ளைகள்

இப்போது கசப்பான பகுதிக்கு வருவோம். முதல் தலைமுறையாகக் கல்லூரி போன பிள்ளைகள் கவிதையோ வாழ்க்கைக் கதையோ எழுதுகிறார்கள். "பணம் கட்டினால் நூலாக்கித் தருகிறோம்" என்று ஒருவர் வருகிறார். அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. மெய்ப்புப் பார்க்காத நூல் வருகிறது. பெட்டி பெட்டியாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எத்தனை பிரதி அச்சானது என்பதற்குக் கணக்கில்லை, உரிமை யாரிடம் என்பதற்குத் தாளில்லை. இப்படி ஏமாந்தவர்களை நாங்கள் ஊர் ஊராகப் பார்த்திருக்கிறோம்.

ஆகவே சில விவரங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் சொந்தமாக எழுதியதன் முதல் உரிமையாளர் நீங்களே. உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை உண்டு. எழுத்து மூலம் கையெழுத்திடாமல் அதை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்தாண்டு என்றே சட்டம் கொள்ளும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஐஎஸ்பிஎன் எண்ணை ஒன்றிய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. அதற்கென்று தனியாகப் பணம் கேட்பவரிடம் விளக்கம் கேளுங்கள். வெளியான நூலை 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தபால் செலவைப் பார்த்து இதை விட்டுவிடாதீர்கள். நாளைக்கு நம் வரலாற்றைத் தேடுகிறவர் முதலில் போகும் இடம் அதுதான்.

அச்சுக் கணக்கும் பெரிய வித்தை இல்லை. டெம்மி அளவு நூலைப் பதினாறு பக்கப் பாரமாகக் கணக்கிடுவார்கள். 160 பக்கம் என்றால் பத்து பாரம். 163 பக்கம் வந்தால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஏறும். அங்கேதான் எதைச் சுருக்கலாம் என்று எழுதியவரே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பிரதிகள் அதிகம் தேவை என்றால் ஆஃப்செட் கட்டுப்படியாகும். ஐம்பது, நூறு போதும் என்றால் டிஜிட்டல் அச்சு இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் பெட்டி அடுக்க வேண்டியதில்லை. பாமினியில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றினால் எழுத்துகள் இடம் மாறும். மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாக மெய்ப்புப் பாருங்கள். பக்கத்தை மிச்சப்படுத்த எழுத்தைப் பொடியாக்காதீர்கள். கண் மங்கிய நம் பெரியவர்களும் அதைப் படிக்க வேண்டும்.

தனிப்பதிப்பு நூல்களில் தரமில்லாதவை ஏராளம் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அவசரமே அதற்குக் காரணம். அச்சுக்குப் போகும் முன் மூன்று பேர் படிக்க வேண்டும்: கதை நடந்த தெருவைச் சேர்ந்த ஒருவர், தமிழ் அறிந்த ஆசிரியர் ஒருவர், நம்மை அறியாத வெளியாள் ஒருவர். முதலாமவர் பொய்யைக் கண்டுபிடிப்பார். இரண்டாமவர் பிழையைக் கண்டுபிடிப்பார். புரியாத இடத்தை மூன்றாமவர் காட்டுவார். படிக்கத் தெரியாத அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் கொட்டாவி விடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரசுக்கும் கடமை உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடி எழுத்தாளர்களின் நூல் வெளியீட்டுக்கு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே நம் கிராமத்து மாணவர்களுக்குத் தெரியாது. விடுதிகளின் அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? புத்தகத் திருவிழாவில் அரங்கு வாடகை கட்ட முடியாத உள்ளூர் எழுத்தாளர்களுக்கென வாடகையில்லாத பொது அரங்கு ஒன்றை ஒதுக்கினால் என்ன? மாவட்ட நூலகம் ஆண்டுதோறும் உள்ளூர் நூல்களைத் தேடி வாங்கினால் என்ன?

இந்த மூன்றையும் மனுவாக எழுதி, திங்கட்கிழமை குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுப்போம். ஒருவராகப் போக வேண்டாம். எழுதுகிற பிள்ளைகள், விடுதி மாணவர்கள், சுவரெழுத்து ஓவியர்கள், ஊர் நூலகர்கள் எல்லோரும் சேர்ந்தே போவோம். நூல் வைத்திருப்பவர்கள் ஒரு பிரதியைக் கையில் எடுத்து வாருங்கள்.