பள்ளிக்கூடம் கட்டிய கை கிணற்றைக் கெடுக்கலாமா?



சில மாதங்களுக்கு முன் பாலாற்றங்கரை ஊர் ஒன்றுக்குப் பொதுக்கூட்டத்திற்காகப் போயிருந்தேன். மாலைக் கூட்டத்திற்கு நேரம் இருந்ததால், ஊர்ப் பெரியவர் ஒருவர் பள்ளிக்கூடத்தைக் காட்ட அழைத்துப் போனார். பெரிய கட்டடம், விசாலமான மைதானம். "எல்லாம் நம் தோல் வியாபாரிகள் போட்ட காசு ஹஜ்ரத்!" என்றார் பெருமையாக. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். நானும் மகிழ்ந்தேன்.

வெயிலுக்குத் தாகமாக இருந்தது. மைதானத்து ஓரத்தில் இருந்த குழாயைத் திறந்து கையை ஏந்தினேன். பத்து வயது இருக்கும், ஒரு பையன் ஓடி வந்தான். "ஹஜ்ரத், அதைக் குடிக்காதீங்க, உப்பு!"

"அப்போ நீ எதைக் குடிப்பாய்?"

"வீட்டிலிருந்து பாட்டில் கொண்டு வருவேன்."

"அது தீர்ந்து போனால்?"

பையன் சிரித்துக்கொண்டே அதே குழாயைக் காட்டினான்.

அன்றிரவு மேடையில் நான் எதைப் பற்றிப் பேச வந்தேனோ அதை மறந்துவிட்டேன். அந்தக் குழாயைப் பற்றித்தான் பேசினேன். அதை இங்கேயும் எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்!

தண்ணீர் எப்படி உப்பானது?

இது பூமியின் சாபம் அல்ல. மனிதன் செய்த வேலை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையிலுள்ள ஊர்களெல்லாம் தோல் தொழிலால் வளர்ந்தவை. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையில் தோலைப் பதனிட்டார்கள். 1970களில் அரைப் பதனத் தோலை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுமையாகப் பதனிட்டால்தான் லாபம் என்ற நிலை வந்தது. பட்டை போய் குரோமியம் வந்தது. ரசாயனங்கள் குவிந்தன.

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு வருகிறது. அதை ஊறவைத்துக் கழுவும்போது அத்தனை உப்பும் தண்ணீரில் இறங்குகிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே சொல்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே போனது? வாய்க்காலுக்கு, ஏரிக்கு, ஆற்று மணலுக்கு. அங்கிருந்து கிணற்றுக்கு. கிணற்றிலிருந்து பிள்ளையின் வாய்க்கு!

1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலூர்ப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானது என்ற ஆய்வு அதில் இடம்பெற்றது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்ற கணக்கும் அதில் இருக்கிறது. அங்கேயும் தோல்தான்! மாசுபடுத்தியவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பதை இந்த நாட்டின் சட்டமாக உறுதி செய்தது அந்தத் தீர்ப்புதான்.

விலை கொடுத்தார்களா? 2001ல் நஷ்டஈட்டைக் கணக்கிட்ட ஆணையம் 547 தோல் ஆலைகள் பொறுப்பு என்றது. 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்றது. வியாபாரிகளே, நீங்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். வகுத்துப் பாருங்கள். தலைக்கு 9,200 ரூபாய்கூட வரவில்லை! ஒரு குடும்பத்தின் கிணற்றுக்கும் வயலுக்கும் போட்ட விலை இதுதான். அதையும் முழுதாகக் கொடுத்து முடிக்கவில்லை. 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாக்கியை அரசே கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. 1996ல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இன்று தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. வழக்கு இன்னும் நடக்கிறது!

"இது நம் தொழிலை அழிக்கும் சதி!"

இப்படி ஒரு குரல் நம்மவர்களிடமிருந்து வரும் என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். நம் தொழில்கள் மீது பொறாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருப்பதையும், கோடிக்கணக்கில் செலவழித்து ஒழுங்காக நடப்பவர்கள் இருப்பதையும் மறுக்கவில்லை. அவர்களுக்கு நம் பாராட்டு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் குழாயில் குடிக்கிற பிள்ளை யாருடைய பிள்ளை? ஆலை முதலாளியின் வீட்டில் கேன் தண்ணீர். சுத்திகரிப்பு இயந்திரம் சமையலறையிலேயே மாட்டியிருக்கிறது. குழாயை நம்பி நிற்பது ஊறல் தொட்டியில் இறங்கி வேலை செய்பவனின் பிள்ளை. அவன் முஸ்லிமாக இருப்பான், தலித்தாக இருப்பான். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றிலேயே மாண்டார்களே, பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களைக் கொன்றது எந்த எதிரியின் சதி?

ஹலாலான தொழில் என்பது வாங்கும் விற்கும் பொருளோடு முடிந்துவிடுவதில்லை. தராசில் ஒரு கிராம் குறைத்தால் பாவம் என்று நாம் பயான் செய்கிறோம். அண்டை வீட்டான் கிணற்றில் உப்பைக் கலப்பது எந்தக் கணக்கில் சேரும்? வலது கையால் பள்ளிக்கூடம் கட்டி, இடது கையால் அதன் கிணற்றைக் கெடுத்தால், இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடுமா? தர்மம் வேறு, கடன் வேறு சகோதரர்களே! கடனைத் தர்மத்தால் அடைக்க முடியாது. கடனைக் கடனாகத்தான் தீர்க்க வேண்டும்.

அரசு மட்டும் யோக்கியமா?

இல்லை! ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒரு லட்சம் டன்னுக்கு மேல் நச்சுக் கழிவை மலைபோல் விட்டுப் போனது. குரோமியத்தில் இரண்டு வகை உண்டு. தோலுக்குப் போடுவது ஆபத்து குறைந்தது. குரோமேட் ஆலையில் உருவாவது புற்றுநோயை உண்டாக்கும் வகை. மழை பெய்யப் பெய்ய அது மண்ணுக்குள் இறங்கியது. பல பத்தாண்டுகள் அரசுகள் மாறின, குவியல் மாறவில்லை! பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு, மேட்டூரிலிருந்து குழாய் வழியே காவிரியைக் கொண்டுவந்து குடிக்கிறோம். காவிரி வராத நாளில்? பள்ளிக்கூடத்தின் ஆழ்துளைக் கிணறுதான் கதி.

என்ன செய்யலாம்?

முழக்கம் போட்டுவிட்டுக் கலைந்து போக இது நேரமல்ல. வாலிபர்களே, உங்களுக்குத்தான் வேலை.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை உடையுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பும் குரோமியமும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவை இன்னும் கெட்டியாகும். குளோரின் போட்டாலும் அப்படித்தான். உப்பையாவது நாக்கு காட்டிக்கொடுக்கும். குரோமியம் கொஞ்சமாக இருந்தால் நாக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. சோதித்தால்தான் தெரியும்.

எங்கே சோதிப்பது? குடிநீர் வடிகால் வாரியத்திற்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு. பிள்ளைகள் வாய் வைக்கிற குழாயிலிருந்தே தண்ணீரைப் பிடித்துக் கொடுங்கள். காவிரி வந்த நாளில் ஒன்று, வராத நாளில் ஒன்று என இரண்டு முறை கொடுங்கள். குரோமியத்தையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டரில் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில்தான் 2,000 வரை. குரோமியம் 0.05க்கு மேல் கூடவே கூடாது.

பள்ளியோ அலுவலகமோ முடிவைக் காட்ட மறுத்தால், 2005ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசுப் பள்ளிக்கும் நகராட்சிக்கும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கிடைத்த முடிவை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். பள்ளி வாசலில், கரும்பலகையில், தேதி போட்டு எழுதுங்கள். பெற்றோர் படிக்கட்டும்!

முத்தவல்லிமார்களே, பள்ளி நிர்வாகிகளே! சமுதாயப் பள்ளிகளில் தொடங்குங்கள். நம் பள்ளியைச் சோதிக்காமல் அரசுப் பள்ளியைச் சோதி என்று சொல்ல நமக்கு வாய் கிடையாது. தண்ணீர் கெட்டிருந்தால் சுத்திகரிப்பு இயந்திரம் வையுங்கள். வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். வடிப்பானை மாற்றாத இயந்திரம் வெறும் அலங்காரப் பொருள்.

தோல் வியாபாரிகளே! அடுத்த கட்டடத்திற்குப் பெயர்ப்பலகை வைப்பதற்கு முன், இந்தக் குழாய்க்கு ஒரு வழி செய்யுங்கள். நன்கொடை என்று எழுதாதீர்கள். பாக்கி என்று எழுதுங்கள்.

அந்தப் பையன் சிரித்துக்கொண்டேதான் குழாயைக் காட்டினான். அவனுக்குக் கோபம் வரவில்லை, பழகிவிட்டது. அவனுக்குப் பழகிப்போனது நமக்குப் பழகிவிடக் கூடாது. நாளை இறைவன் முன் நிற்கும்போது, எத்தனை பள்ளிக்கூடம் கட்டினாய் என்ற கேள்வியோடு, அதன் குழாயில் என்ன வந்தது என்ற கேள்வியும் வரும். பதிலைத் தயார் செய்துகொள்வோம்!