கயவனே பாடட்டும்!

தம்பி!

கொடியவனைத் தோலுரிக்க வேண்டுமெனில் நாம் செய்வதென்ன? மேடையேறுகிறோம், கொடியவன் என்று முழங்குகிறோம், கைதட்டல் பெற்று இறங்குகிறோம். அமெரிக்கப் பாட்டாளர் ராண்டி நியூமன் கண்ட வழி வேறு. கொடியவனையே அழைத்துப் பாடச் சொல்வார். அவனும் பாடுவான், இனிக்க இனிக்க!

1972-இல் வந்த 'சேல் அவே' பாட்டிலே அடிமை வணிகன் ஆப்பிரிக்க மக்களை அழைக்கிறான். சவுக்கைக் காட்டவில்லை, சங்கிலியைக் காட்டவில்லை. வாழ்வு காத்திருக்கிறது, கப்பலேறு என்கிறான். மெட்டோ தாலாட்டு! அக்கப்பல் சென்ற இடத்தை அறிந்த நமக்கு, அந்த இனிமையே நெருப்பாகிறது.

1974-இல் 'ரெட்னெக்ஸ்'. தென்மாநில நிறவெறியன் தன் ஆணவத்தைத் தானே பாடுகிறான். வடபுலத்துச் சீர்திருத்தக்காரர் கேட்டுச் சிரிக்கிறார். சிரிக்கட்டுமென விட்டுவைத்து, பாட்டு அவர் பக்கம் திரும்புகிறது: உங்கள் நியூயார்க்கிலே, உங்கள் சிகாகோவிலே, கறுப்பின மக்களைச் சேரிகளில் அடைத்திருக்கிறீர்களே, அதுதான் நீங்கள் தந்த விடுதலையோ? கேட்பவன் கயவன், கேள்வியோ நியாயம்! எதிரியைச் சாட எவருக்கும் வரும், தம்பி. முன்வரிசையில் அமர்ந்து கைதட்டுபவரையும் சுட்டுவிட எத்தனை பேருக்கு நெஞ்சுரம் வரும்?

விலையும் கொடுத்தார். குள்ளரை வெறுக்கும் மூடனொருவனைப் பாடவைத்து, வெறுப்பின் மடமையை 1977-இல் 'ஷார்ட் பீப்பிள்' பாட்டில் காட்டினார். ஊரோ, அவரே குள்ளரைப் பழித்தாரெனக் கொதித்தது. மேரிலாந்து சட்டமன்றத்தில் தடை மசோதாவே வந்தது, நிறைவேறவில்லை. பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 2-ஆம் இடம் பிடித்தது!

திரையிசை அவர் குடும்பத் தொழில். பெரியப்பா ஆல்பிரட் நியூமன் 9 ஆஸ்கார் பெற்றவர். இவரோ, 'ராக்டைம்' (1981), 'டாய் ஸ்டோரி' (1995) என இசையமைத்தும், 15 முறை பரிந்துரை பெற்று வெறுங்கையோடு திரும்பினார். 2002-இல், 16-ஆம் முறை, பரிசு கிட்டியது, 2011-இல் மற்றொன்று. பொம்மைகளின் நட்பைப் பாடும் அவர் குரலைக் குழந்தைகள் அறிவர். அடிமை வணிகனாகப் பாடியதும் அதே குரல்தான்!

என் நாடகமொன்றில் பண்ணையாருக்கு நல்ல வசனம் எழுதியிருந்தேன். "அவனுக்கு ஏனய்யா இத்தனை அழகு தமிழ்?" என்றார் தோழர் ஒருவர். அஞ்சினேன், வெட்டினேன். அந்தத் தாளை நேற்றுத் தேடி எடுத்துவிட்டேன், தம்பி. அடுத்த முறை பண்ணையார் பேசுவார். தோழருக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.