பங்களாவிலே ஒரு துவக்கு

சென்ற வாரம் பாடசாலை கலைந்த பின், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஆசிரியர் அறை வாயிலிலே தயங்கி நின்றான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் பதுளைக்கு வந்து பயிலும் பிள்ளை அவன். யாது வேண்டும் என வினவினோம். “சேர், துவக்கு வைத்திருக்க அநுமதிப்பத்திரம் எடுப்பது எப்படி என்று அப்பா கேட்டு வரச் சொன்னார்” என்றான்.

சரித்திரம் படிப்பிக்கும் எம்மிடம் கேட்கத் தக்க கேள்விதானா இது என முதலில் வியந்தோம். பின்னரே காரணம் விளங்கிற்று. லயத்தின் பின்புறத்தில் அவன் குடும்பத்தார் போஞ்சியும் உருளைக்கிழங்கும் பயிரிட்டுள்ளனர். மூன்று மாத உழைப்பைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் உழுதுவிட்டுப் போயின. கட்டுத்துவக்கு ஒன்றைக் கட்டித் தருவதாக அயலவர் ஒருவர் முன்வந்தாராம். தந்தையார் அதனை மறுத்து, சட்டப்படி செய்ய வழி உண்டா என்று மகனை அனுப்பியிருக்கிறார். அந்தத் தந்தையாரை மனத்துள் வணங்கினோம்.

அக்கேள்வி எம்மை எமது இளமைக் காலத்துக்கு இட்டுச் சென்றது. எம் பாட்டனார் ஊவாவிலுள்ள தோட்டமொன்றின் பெரிய பங்களாவிலே அப்புவாக இருந்தவர். அங்கே பழைய ‘பம்ப்’ றைபிள் ஒன்று இருந்தது. கம்பனிக் காலத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுச் சென்றது. அடுத்து வந்த துரைமாரின் பொறுப்பிலே பங்களாவுடன் சேர்ந்தே கைமாறிற்று. அதனைத் துடைத்து எண்ணெய் பூசுவது பாட்டனாரின் வேலை. முப்பது ஆண்டுகள் துடைத்தார்; ஒரு நாளேனும் சுட்டதில்லை.

1980களின் நடுப்பகுதியில், சிறுவராயிருந்த நாம் அருகே அமர்ந்து பார்ப்போம். குழலின் கீழே மரப்பிடி ஒன்று இருக்கும். அதைப் பின்னே இழுத்தால் வெற்றுக் கோது வெளியே தெறிக்கும்; சுத்தியலும் ஏறிக்கொள்ளும். முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா அறையினுட் புகும். தோட்டாக்கள் குழலுக்குக் கீழுள்ள மற்றொரு மெல்லிய குழாயிலே ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். “குழாயை நம்பாதே ராசா, அறையைப் பார்” என்பார் பாட்டனார். குழாய் வெறுமையான பின்னும் ஒரு தோட்டா அறையினுள் ஒளிந்திருக்கக் கூடும் என்பதே அதன் பொருள். கண்ணால் மட்டும் பாராது, சின்னி விரலை விட்டுத் தடவியும் பார்ப்பார். அமெரிக்கரான யோன் பிறௌணிங் வகுத்து, வின்செஸ்டர் கம்பனியார் 1890இல் வெளியிட்ட வகையின் வழிவந்த துவக்கு அது எனப் பிற்காலத்தில் அறிந்தோம்.

அதன் தோட்டாவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பெரிய தோட்டாக்களிலே தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும். இச்சிறு தோட்டாவிலோ அது விளிம்பின் உட்புறத்தைச் சுற்றிப் பரவியிருக்கும். ஊசி விளிம்பை நசுக்கியவுடன் வெடிக்கும். விளிம்பு நசுங்குமாறு கோது மெல்லியதாக இருத்தல் வேண்டுமாதலால் பெருமருந்தைத் தாங்காது. ஆகவே விலை மலிவு, ஓசை சிறிது, உதைப்பு இல்லையெனலாம். இவ்வழியைப் பிரான்சு தேசத்து புளோபேர் என்பார் 1845இல் கண்டார்.

அதே 1845இலே எமது ஊவாவில் நிகழ்ந்ததொன்றும் நினைவு கூரத்தக்கது. பதுளையின் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என 1859இல் வெளிவந்த தம் நூலில் எமர்சன் தெனன்ற் எழுதியுள்ளார். அவ்வாண்டு யூன் 7ஆந் திகதி அப்புத்தளையிலே, நாற்பத்தொரு வயதில், இடி வீழ்ந்து றொஜர்ஸ் மாண்டார். அவர் ஞாபகமாக நண்பர்கள் எழுப்பிய புனித மாற்கு தேவாலயம் பதுளை நகரில் இன்றும் நிற்கிறது. ஆயிரம் யானைகளை எதிர்நின்ற கை, வானத்தை எதிர்க்க இயலாது போயிற்று. ஊர் மக்கள் அதனைத் தெய்வத் தண்டனை என்றனர். நாம் அவ்வாறு தீர்ப்புக் கூற விரும்பவில்லை. துவக்கு மனிதனை எல்லாவற்றினின்றும் காக்கும் என்ற எண்ணம் எத்துணை வெறுமையானது என்பதற்கு மட்டும் அவர் கதையைச் சொல்வோம்.

சிறு துவக்குத்தானே என்று எண்ணுவோர் பலர். பாட்டனார் சொன்ன ஒரு சம்பவத்தை அவர்கள் கேட்கவேண்டும். ஒரு நாட் காலை சின்னத் துரை ஒருவர் கற்பாறை மீதிருந்த நரியொன்றைக் குறிவைத்தார். நரி ஓடிவிட்டது. ரவை பாறையிற் பட்டுத் திசைமாறிக் கீழ் மலைக்குப் பாய்ந்தது. அங்கே கொழுந்து பறித்து நின்ற பெண்ணொருத்தியின் முதுகிலிருந்த கூடையைத் துளைத்து, கொழுந்தினுள்ளே தங்கிவிட்டது. நிறுவைக்குக் கூடையைக் கொட்டியபோதே அது தெரியவந்தது. சின்னத் துரை சிரித்துவிட்டுப் போனார். அந்தப் பெண்ணோ அன்று மாலை வரை நடுக்கம் தீராது மடுவத்திலே அமர்ந்திருந்தாள். ஓர் அங்குலத்தின் கால் பங்குக்கும் குறைந்த குறுக்களவுள்ள அவ்வீயக் குண்டு, தடையின்றிச் சென்றால் ஒரு மைலுக்கும் அப்பாற் செல்லவல்லது. தேயிலை மலையிலோ ஒவ்வொரு சரிவின் கீழும் மனிதர் இருக்கின்றனர். குறியின் பின்னே மண்மேடு இல்லாவிடத்து விசையிலே விரல் வைப்பது பாவம்.

“பாதுகாப்புக்காவது உதவாதா, சேர்?” என்று மாணவன் கேட்டான். அவன் மனத்தில் இருந்தது பன்றி மட்டுமன்று என அறிந்தோம். மலையகத்துப் பிள்ளைகள் எவரும் அக்கேள்வியை வெறுங் கேள்வியாகக் கேட்பதில்லை. 1971 ஏப்ரில் 5ஆந் திகதி விடியற் காலையில் எமது மாகாணத்து வெல்லவாய பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டதுடன் அவ்வாண்டுக் கிளர்ச்சி வெளிப்பட்டது. அந்நாட்களிற் கிளர்ச்சியாளர் வீடு வீடாகத் தேடியது துவக்குகளையே. காவலுக்கென வைத்த பொருள் கள்வனை அழைத்து வந்தது. 1983 யூலையில் பதுளை நகரத்துத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது நாம் கைக்குழந்தை. பங்களாத் துவக்கு அன்றும் அலுமாரியிலேதான் இருந்தது, எவருக்கும் உதவவில்லை. எம் அன்னையையும் எம்மையும் இரண்டு இரவுகள் தம் நெல் அறையிலே மறைத்து வைத்தவர் அயற் கிராமத்துச் சிங்கள முதியவர் ஒருவர். அவர் கையில் இருந்தது ஊன்றுகோல் ஒன்றே.

இனி மாணவனுக்கு யாம் கூறிய விடையைச் சுருக்கித் தருவோம். அநுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி குற்றம்; பெற்ற பத்திரத்தையும் ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். வேண்டுவோர் கச்சேரியிலே விசாரித்து முறைப்படி விண்ணப்பிக்கட்டும். ஆயினும் விளிம்புத் தோட்டாத் துவக்கு பன்றிக்கு ஏற்றதன்று. அது பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தி வெறிகொள்ளச் செய்யும். மறுநாட் காலை பற்றையினுள் அதன் எதிரே போவது கொழுந்து பறிக்கும் ஒரு தாயாக இருக்கலாம்.

கட்டுத்துவக்கோ அதனினும் கொடிது. சுடுபவன் கண்ணில்லாத துவக்கு அது. பன்றியையும் பாலகனையும் அது பிரித்தறியாது. விறகுக்குப் போனவரும் காலிழந்த கதைகள் எமது ஊர்களிலே உண்டு. வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் அத்தகையதே. நாலு குடும்பத்தார் கூடிப் பழைய தகரத்தால் தாழ்வாரமாக வேலி அடைத்து, விளைச்சற் காலத்தில் முறைவைத்துக் காவல் இருப்பதே எமக்குத் தெரிந்த நல்வழி. தூக்கம் கெடும், உயிர் கெடாது.

பின்பு அவன் மெல்லச் சொன்னான்: “எனக்கும் ஒருமுறை சுட்டுப் பார்க்க ஆசை, சேர்.” அந்த ஆசையை நாம் இகழவில்லை. குறி தவறாமை ஒரு கலை. மூச்சை அடக்கி மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சி. இதே விளிம்புத் தோட்டாவைக் கொண்டு 50 மீற்றர் தூரத்திலுள்ள இலக்கைச் சுடுவது ஒலிம்பிக் போட்டிகளிலும் இடம்பெறுகிறது. உயிரில்லாத கடதாசியைக் குறிவைத்து, பழகியோர் மேற்பார்வையிற் கற்பதாயின் கற்கட்டும் என்றோம்.

ஆயுத பூசை நாளில் எம் பாட்டனார் கவ்வாத்துக் கத்தியையும், மண்வெட்டியையும், பாட்டியின் கொழுந்துக் கூடையையும் படத்தின் முன் வைத்துச் சந்தனம் இடுவார். துரை இசைந்தால் துவக்குக்கும் பொட்டு வைக்கலாமே என்று ஒருமுறை கேட்டோம். அவர் சிறிது யோசித்தார். “இவை எமக்குச் சோறு போட்டவை. அது எமக்கு என்ன போட்டது?” என்றார். அந்தக் கேள்வியையே மாணவனிடம் தந்தையாருக்குக் கொடுத்தனுப்பினோம்.

நேற்று அவன் மீண்டும் வந்தான். அயலவர் கட்டுத்துவக்கைக் கழற்றிவிட்டாராம். வேலிக்குத் தகரம் தேடுகிறார்களாம்.