இருண்ட ஓசைக்கு உரியவர் யார்?

வெலிமடைத் தோட்டத்து இளைஞன் ஒருவன் ‘கோதிக் மெற்றல்’ கேட்கிறான் என்று அறிந்தவுடன் முகஞ்சுளிக்கும் அறிஞர் நம்மிடையே உளர். அது மேனாட்டு நசிவுக் கலை. சாவையும் இருளையும் பாடுவது. மலையக மரபுக்கு முற்றிலும் அந்நியமானது என்பது அவர்தம் தீர்ப்பு. முப்பதாண்டுகளுக்கு முந்திய அவ்வோசையை இன்று புதிய குழுக்கள் மீட்டெடுப்பதையும் வெறும் பழைமை மோகமென்று அவர்கள் ஒதுக்கிவிடுகின்றனர். இத்தீர்ப்பு இசையையும் அறியாதது, மலையகத்தையும் அறியாதது.

இவ்வோசை மாளிகைகளிற் பிறந்ததன்று. பேர்மிங்ஹாம் நகரின் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்த டொனி அயோமி, 1965இல், தமது 17ஆவது வயதில், வேலையின் இறுதி நாளன்றே, வலக்கையின் இரு விரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தார். பிளாஸ்ரிக்கை உருக்கிச் செய்த உறைகளை விரல்களில் மாட்டிக்கொண்டு கிற்றார் வாசித்த அவர், பின்னாளில் அதன் தந்திகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். ‘பிளாக் சபாத்’ குழுவின் கனத்த ஓசைக்கு அத்தளர்ச்சியும் ஒரு காரணம். அதன் வழிவந்தோரே, கம்பளி ஆலைகளால் வளர்ந்த ஹலிபாக்ஸ் நகரின் ‘பரடைஸ் லொஸ்ட்’ குழுவினர். 1991இல் வெளிவந்த அவர்களது ‘கோதிக்’ என்னும் இசைத்தட்டே இவ்வகைக்குப் பெயர் தந்தது. மந்தகதி, ஆழ்ந்த கிற்றார், உறுமும் ஆண்குரல், அதனூடே துயருறும் பெண்குரல் என்பன அதன் கூறுகள். 1999இல் மின்னொலி இசைக்குப் பெயர்ந்த அதே குழு, 2015இல் வெளியிட்ட தட்டில் பழைய உறுமலுக்கே மீண்டது.

மாசி மாதத்துக் காமன் கூத்தை ஒருமுறையேனும் விடியும்வரை இருந்து பார்த்தவர்க்கு இக்கூறுகள் புதுமையாகத் தோன்றா. சிவனது நெற்றிக்கண்ணில் எரியுண்ட மன்மதனுக்காக ரதி புலம்புகையில், தப்பு அதிர்கின்றது. அங்கே தந்தியைத் தளர்த்துகின்றனர். இங்கே தோலைத் தீயிற் காய்ச்சி இறுக்குகின்றனர். தொழிலாளரை விடியற்காலையில் பெரட்டுக்கு எழுப்பியதும் தப்பு. பிணத்தோடு சுடுகாடுவரை சென்றதும் தப்பு. சாவின் ஓசை மலையகத்துக்கு அந்நியமென்போர் எந்த மலையகத்தைக் கண்டனரோ!

ஆயின், நமது விழாமேடைகளில் நிகழும் ‘மீட்பு’ எத்தகையது? இராமுழுதும் ஆடப்படும் கூத்து கால்மணி நேரமாக நறுக்கப்படுகின்றது. ஒப்பாரி அமங்கலமென்று நீக்கப்படுகின்றது. தப்பு வேண்டும்; தப்படிப்பவரின் பெயர் நிகழ்ச்சிநிரலில் வேண்டாம். பாடகருக்கும் நட்டுவனாருக்கும் பெயருண்டு. அவரோ ‘கிராமியக் கலைஞர்கள்’ என்னும் பன்மையில் அடங்கிவிடுகின்றார். சாவு வீட்டில் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திய சாதி, மேடையில் அவரைப் பெயரின்றி நிறுத்துகின்றது. தப்பைத் தொடமாட்டோமென்று அச்சமூகத்து இளைஞர் பலர் மறுத்தது இதனாலன்றி வேறெதனால்? அம்மறுப்பை மரபுத் துரோகம் என்போர், தம் பிள்ளைகளின் கையில் ஒருநாளேனும் தப்பைக் கொடுத்ததுண்டா?

பழைய கோதிக் ஓசையை மீட்க முனையும் குழுக்களிடமும் குறையுண்டு. கறுப்பு உடையும் கல்லறைப் படமும் போதுமென்று எண்ணுவோர் அங்கும் இருக்கின்றனர். எனினும், அவர்கள் அவ்விசையின் மந்தகதியைக் குறுக்குவதில்லை. தாளக்காரரின் பெயரை மறைப்பதுமில்லை.

வெலிமடை இளைஞனின் செவியைத் திருத்த விரும்புவோர் முதலில் அடுத்த கலைவிழாவிற் காமன் கூத்துக்கு ஓர் இரவு முழுவதையும் ஒதுக்கட்டும். ஒப்பாரியை வெட்டாது விடட்டும். தப்படிப்பவரின் பெயரை அச்சிடட்டும். மிருதங்கக்காரருக்குக் கொடுக்கும் ஊதியத்திற் சதமும் குறையாது அவருக்கும் கொடுக்கட்டும்.