வருடத்துக்கு ஒரு ஊசி எதற்கு?

"போன வருடம்தான் புளூ ஊசி போட்டுக்கொண்டேனே! இந்த வருடமும் எதற்கு? தட்டம்மைக்கு இரண்டு ஊசியோடு சரி. இதற்கு மட்டும் முடிவே கிடையாதா?"

டாக்டர் ஊசி போடச் சொன்னதும் பெரியவர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. ஆனால், "அப்படியானால் இந்த ஊசியே வீண்" என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்களே, அதுதான் தவறு!

வேஷம் போடும் திருடன்

நம் இரத்தத்தில் காவல்காரர்கள் இருக்கிறார்கள். நோய்க்கிருமி முதல் தடவை வரும்போது அவர்களுக்கு அடையாளம் தெரியாது. போராடித்தான் பிடிப்பார்கள். ஒரு தடவை பிடித்துவிட்டால், அந்த முகத்தை எளிதில் மறக்கமாட்டார்கள்.

புளூ தடுப்பூசியின் வேலை என்ன? செத்த கிருமியின் துண்டைக் காட்டி, "இவன்தான் திருடன். பார்த்து வைத்துக்கொள்" என்று சொல்லிக் கொடுப்பதுதான். செத்த கிருமியால் புளூ காய்ச்சலை உண்டாக்க முடியாது.

தட்டம்மைக் கிருமி முகம் மாறாத திருடன். புளூ கிருமி அப்படி அல்ல. இன்று மீசை வைப்பான், நாளை எடுத்துவிடுவான். சில சமயம் முழு வேஷத்தையுமே மாற்றிவிடுவான்!

கப்பலில் வந்த காய்ச்சல்

அப்படி முழு வேஷம் மாற்றிய வருடம் 1957.

அந்த ஆண்டு மே மாதம், சிங்கப்பூரிலிருந்து ஒரு பயணிக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. அதில் பலருக்குக் காய்ச்சல். சில வாரங்களில் அது நாடெங்கும் பரவியது. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் கிருமியை ஆராய்ந்தார்கள். அரசுக் கணக்குப்படியே 44 லட்சம் பேருக்கு மேல் படுத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

காரணம் என்ன? இந்தப் புது முகத்தை அநேகமாக யாருடைய இரத்தமும் அறிந்திருக்கவில்லை.

அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த மாரிஸ் ஹில்மேன் என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். ஹாங்காங்கில் காய்ச்சல் பரவும் செய்தியைப் பத்திரிகையில் படித்ததுமே அவர் விழித்துக்கொண்டார். கிருமியை வரவழைத்துச் சோதித்தார். மிகவும் வயதான சிலருடைய இரத்தம் மட்டும் அதை அடையாளம் கண்டது! 1889-90-ம் ஆண்டுகளில் உலகைச் சுற்றிய காய்ச்சலில் பிழைத்தவர்கள் அவர்கள். ஏறக்குறைய எழுபது வருடங்களாக அவர்கள் உடம்பு மறக்கவில்லை!

புளூ ஊசி மருந்தைக் கோழி முட்டையில் வளர்க்கிறார்கள். அதனால், "சேவல்களைக் கொன்றுவிடாதீர்கள். முட்டை நிறைய வேண்டும்" என்று ஹில்மேன் சொல்லி அனுப்பினார். சில மாதங்களில் அமெரிக்காவில் சுமார் 4 கோடி ஊசிக்கான மருந்து தயாராயிற்று.

குடையைத் தூக்கி எறியலாமா?

இன்று உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை கூடுகிறது. திருடன் எந்த வேஷத்தில் வருவான் என்று பார்த்து, அதற்கேற்ற மருந்தைச் சொல்கிறது. அதோடு, ஊசி தரும் பலமும் சில மாதங்களில் குறைந்துபோகிறது. வருடந்தோறும் ஊசி போடச் சொல்வது இதனால்தான்.

கணிப்பு நன்றாகப் பொருந்தினாலும், டாக்டரிடம் போகும்படியான புளூ காய்ச்சல் 100-க்கு 40 முதல் 60 வரைதான் குறைகிறது. "பாதிதானா?" என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். குடை பிடித்தாலும் மழையில் கால் நனையும். அதற்காகக் குடையைத் தூக்கி எறிகிறோமா? ஊசி போட்டும் காய்ச்சல் வந்தால், அது ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகும் ஆபத்து குறைவு.

வேஷம் மாறும் தலையை விட்டுவிட்டு, அதிகம் மாறாத தண்டுப் பகுதியைக் காட்டிக் கொடுக்கும் புது ஊசிக்காக விஞ்ஞானிகள் பாடுபடுகிறார்கள். அது பலித்தால், வருடந்தோறும் போட வேண்டிய தொல்லை தீரலாம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

யாருக்கு அவசியம்?

முதியவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை நோய், இருதய நோய் உள்ளவர்கள் — புளூ இவர்களைத்தான் அதிகம் வாட்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. ஆனால் தாய் கர்ப்பமாக இருக்கும்போதே போட்டுக்கொண்டால், அந்தக் காவல் குழந்தைக்கும் கிடைக்கிறது!

பேரனுக்குப் பட்டாசு வாங்க யோசிக்காத வீடு, தாத்தாவின் ஊசிக்கு மட்டும் கணக்குப் பார்க்கலாமா? அந்தக் காசும் இல்லாத வீடுகள் எத்தனையோ! ஏழை வீட்டுத் தாத்தாவுக்கும் இந்த ஊசி கிடைக்கும்படி செய்வது ஆள்வோரின் கடமை.

ஊசி போட்டபின் உடம்பில் காவல் ஏற்பட இரண்டு வாரம் ஆகும். ஆகவே மழைக்காலம் வருவதற்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

திருடன் வருடந்தோறும் வேஷம் மாற்றுகிறான். நாமும் வருடந்தோறும் விழித்திருப்போம்!