உள்ளங்கால் வெடித்தால் அது சேற்றுப்புண்ணா?

பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் உள்ளங்கால் சிவந்து, பளபளத்து, கீறல் கீறலாக வெடித்துக் கிடந்தால் பெரும்பாலான வீடுகளில் தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது: சேற்றுப்புண். மெடிக்கலில் சொன்னால் ஒரு டியூப் தருவார்கள், தடவினால் போய்விடும். அதோடு இன்னும் இரண்டு சேர்ந்துகொள்கின்றன. பிள்ளை காலை ஒழுங்காகக் கழுவுவதில்லை; உடம்பில் சூடு ஏறிக் கிடக்கிறது. தாத்தா பாட்டி முதல் கடைக்காரர் வரை எல்லோரும் ஒரே குரலில் சொல்வதால் இதை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் இந்த வயதுப் பிள்ளைகளில் பலருக்கு இவை மூன்றுமே பொருந்தாது. பொருந்தாத வைத்தியம் அந்த வலியை மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தோற்றத்துக்கு மருத்துவத்தில் தனிப் பெயர் உண்டு. 1976-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத் தோல் மருத்துவர்களான ரோனா மெக்கீயும் ஹுசைனும் இதைத் தனி நோயாகப் பிரித்து எழுதி, ‘ஜுவனைல் பிளான்டார் டெர்மடோசிஸ்’ என்றார்கள். சிறுவர் உள்ளங்கால் தோல் நோய் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மூன்று வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் வருவது. வயசுக்கு வந்தபின் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாக மறைந்துவிடுவது. ஆஸ்துமா, கரப்பான், அடிக்கடி மூக்கொழுகல் என்று அலர்ஜி ஓடுகிற குடும்பத்துப் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

முதலில் பூஞ்சை என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். சேற்றுப்புண் கால்விரல் இடுக்கில், அதிலும் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தொடங்குவது வழக்கம். அங்கே தோல் ஊறி வெளுத்து, நாற்றமெடுத்து, அரிக்கும். பல நேரங்களில் ஒரு காலில் அதிகம், மற்றதில் குறைவு. நான் சொல்லும் நோயோ பெருவிரலின் அடிப்பக்கத்தையும், நடக்கும்போது உடம்பின் பாரம் இறங்குகிற முன்பாதத்தையும் பிடிக்கிறது. சில பிள்ளைகளுக்குக் குதிகாலையும். இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே அளவு. தோலின் ரேகைகள் அழிந்து மெழுகு பூசியதுபோல் மினுங்கும். விரல் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள், அங்கே ஒன்றும் இருக்காது. பாதத்தின் உள்வளைவும் தப்பித்திருக்கும். டியூப் வாங்கக் கிளம்புவதற்கு முன் பிள்ளையை உட்காரவைத்து இந்த இரண்டு இடங்களையும் வெளிச்சத்தில் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மீதி விடைக்குச் சின்னப் பரிசோதனை இருக்கிறது. தோலின் ஓரத்தில் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூஞ்சை இருந்தால் இழை இழையாகத் தெரியும். வலிக்காது, செலவும் அதிகமில்லை.

பிள்ளைகளுக்குப் பூஞ்சையே வராது என்று நான் வாதாடவில்லை. கடந்த பத்தாண்டுக்கும் மேலாக இந்தியாவில் படர்தாமரை பிடிவாதமாகப் பரவுகிறது. வீட்டில் பெரியவருக்கு இருந்தால் துண்டு வழியாக, படுக்கை வழியாகப் பிள்ளைக்கும் ஒட்டுகிறது. அதனாலேயே சொல்கிறேன்: சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். ஊகத்தில் மருந்து போடாதீர்கள்.

‘ஆனால் டியூப் தடவினால் குறைகிறதே!’ எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். குறைவது உண்மை. ஏன் குறைகிறது என்று பார்க்க வேண்டும். சீட்டில்லாமல் கைமாறுகிற டியூப்களில் பல, கலவைகள்: பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே பீட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு. சிவப்பையும் எரிச்சலையும் இரண்டு மூன்று நாளில் அடக்குவது அந்த ஸ்டீராய்டு. தடவுவதை நிறுத்தினால் நோய் திரும்புகிறது. திரும்பியதும் மறுபடி டியூப். இந்தச் சுழலில் ஏற்கெனவே வெடித்த தோல் மெலிகிறது. ஒருவேளை உண்மையிலேயே பூஞ்சையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஸ்டீராய்டு அதன் அடையாளத்தை மறைத்து, அது ஓசையில்லாமல் பரவ இடம் கொடுக்கிறது. குளோபெட்டசால் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பரிந்துரைக்கப்படாத மருந்து. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு களிம்புகளை ‘ஹெச்’ அட்டவணைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பதே அதன் பொருள். தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்துப் பெற்ற ஆணை அது. வீக்கம் அதிகமானால் தோல் மருத்துவரும் ஸ்டீராய்டு களிம்பு எழுதுவார்தான். ஆனால் எந்த வீரியம், எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று கணக்கு வைத்து எழுதுவார்.

அடுத்தது சுத்தம். இந்தக் குற்றச்சாட்டுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. வலியோடு இருக்கிற பிள்ளையின் தலையில் பழியையும் ஏற்றிவைக்கிறது. நோய் எப்படி வருகிறதென்று பார்த்தால் இந்தப் பழி நிற்காது. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. எண்ணெய்ச் சுரப்பிகளோ அங்கே அறவே கிடையாது. ரெக்சின் ஷூவும் நைலான் சாக்ஸும் காற்றை உள்ளே விடாது. காலை எட்டு மணிக்குப் போட்ட ஷூவுக்குள் பாதம் மாலை வரை வியர்வையில் ஊறுகிறது. ஊறி மெத்தென்று ஆன மேல்தோல், ஓடும்போதும் குதிக்கும்போதும் ஷூவோடு உரசுகிறது. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டியதும் அந்த ஈரமெல்லாம் விறுவிறுவென்று காய்கிறது. பிடித்துவைக்கப் போதிய எண்ணெய்ப் பசை இல்லாததால், ஏரி வற்றும்போது வண்டல் வெடிப்பதுபோல் தோல் வெடிக்கிறது. தினமும் ஊறல், உரசல், காய்தல். இதில் அழுக்குக்கு எங்கே இடம்? தினம் இரண்டு முறை குளிக்கிற பிள்ளைக்கும் இது வரும்.

அழுக்குதான் காரணம் என்று நம்புகிறவர்கள் அடுத்ததாகச் செய்வது கெடுதலைக் கூட்டுகிறது. சுடுநீரில் கல்லுப்பைப் போட்டுக் காலை ஊறவைக்கிறார்கள், டெட்டால் ஊற்றிக் கழுவுகிறார்கள், பீர்க்கங்கூட்டால் தேய்க்கிறார்கள். ஊறிக் காய்ந்ததால் வந்த நோய்க்கு இன்னொரு ஊறல். மிச்சமிருக்கிற கொஞ்சம் பசையையும் சோப்பு எடுத்துப் போய்விடுகிறது. வெடிப்பில் உப்பும் டெட்டாலும் படும்போது பிள்ளை அலறுவதை ‘மருந்து வேலை செய்கிறது’ என்று எடுத்துக்கொள்வது கொடுமை.

உடம்புச் சூடு, பித்தம் என்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சூடு உடம்பு முழுக்க இருந்தால், ஷூ அழுத்துகிற இடத்தில் மட்டும் தோல் வெடித்து, அழுத்தாத உள்வளைவு நன்றாக இருப்பதேன்? இளநீரும் மோரும் பிள்ளைக்கு நல்லதுதான், கொடுங்கள். பாதத்துக்கு அவற்றால் பயனில்லை.

அப்படியானால் என்ன செய்வது? ஷூவிலிருந்து தொடங்க வேண்டும். நைலானை விட்டுப் பருத்தி சாக்ஸ். மதியம் மாற்ற இன்னொரு ஜோடி பையில். முடிந்தால் இரண்டு ஜோடி ஷூ, ஒருநாள் விட்டு ஒருநாள், ஒன்று காய்வதற்குள் மற்றது. வீட்டில் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிய அந்த நிமிடமே, கால் காய்வதற்கு முன், வாசலின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவ வேண்டும். குளித்ததும் ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை. ஆழமான வெடிப்பை மேலே பிளாஸ்திரி ஒட்டி மூடினால் நடக்கும்போது வலி குறையும். விலை உயர்ந்த க்ரீம் தேவையில்லை. விடாமல் தடவுவதுதான் முக்கியம். இது யாருக்கும் ஒட்டாது. அண்ணன் தம்பியைத் தனியே படுக்கவைக்க வேண்டியதுமில்லை.

சில அறிகுறிகள் இருந்தால் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். சீழ், காய்ச்சல், கொப்புளம். இரவில் வீட்டில் எல்லோருக்கும் அரிப்பு, அது சிரங்காக இருக்கலாம். பிறந்ததிலிருந்தே உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்திருப்பது. தலையிலும் முழங்கையிலும் வெள்ளிச் செதில். புறங்காலில், ஷூ மூடுகிற பகுதியில் மட்டும் தடிப்பு என்றால் ஷூவின் ரப்பருக்கோ பசைக்கோ அலர்ஜியாக இருக்கலாம். தோல் ஷூ வாங்கினால் தப்பித்தோம் என்றும் இருக்க முடியாது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் மட்டுமல்ல, உலகெங்கும் தோல் பெரும்பாலும் குரோமியம் உப்பில்தான் பதனிடப்படுகிறது, அதுவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எதற்கு அலர்ஜி என்பதை முதுகில் ஒட்டிப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட் காட்டிவிடும்.

கடைசியாக ஒரு வாதம் இருக்கிறது. அது பள்ளியில் எழுவது: பி.டி. வகுப்புக்குப் பயந்து நடிக்கிறான். வெடிப்பு பாரம் தாங்கும் இடத்தில் இருப்பதால் உட்கார்ந்திருக்கும்போது வலி இல்லை, ஓடும்போது பிளந்துகொள்கிறது. மைதானத்துக்குப் போகும்போது மட்டும் வலி வருவது இந்த நோயின் இயல்பு. பார்ப்பவருக்கு நடிப்பாகத் தெரிவதும் அதனால்தான். ஆசிரியர் சாக்ஸைக் கழற்றச் சொல்லி ஒருமுறை பார்த்தால் போதும். கறுப்பு ஷூ கட்டாயம் என்ற விதி, சித்திரை வெயிலில் குளிர்நாட்டுக் காலணியை நம் பிள்ளைகளுக்கு மாட்டிவிடுகிறது. பாதம் வெடித்த பிள்ளைக்கு மருத்துவர் கடிதம் கேட்டு அலையவைக்காமல், ஆறும்வரை முன்பக்கம் திறந்த செருப்போடு வர விடலாம். மற்றவர்களுக்கும் மதிய இடைவேளையில் ஷூவைக் கழற்றிவைக்க அனுமதி கொடுக்கலாம். இதற்கு எந்தத் துறையின் ஆணையும் வேண்டாம். தலைமையாசிரியர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒருமுறை சொன்னாலே நடக்கும்.